ஞாயிற்றுக்கிழமை: வீட்டு அம்மாவுக்கு விடுமுறை உண்டா?

ஞாயிற்றுக்கிழமை என்றால் பலருக்கும் கொண்டாட்டம். பள்ளிக்கூடம் இல்லை. ஆபீஸ் இல்லை. கடிகாரத்தைப் பார்த்து ஓட வேண்டியது இல்லை. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம்.

ஆனால், அன்றும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பவர் ஒருவர் உண்டு. அவர்தான் அந்த வீட்டு அம்மா!

அவருக்கு விடுமுறை எப்போது? இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்பது இல்லை. அவரும் கேட்பது இல்லை.

இட்லியின் கதை

ஞாயிறு காலை 8 மணி. தட்டில் இட்லி வருகிறது. மல்லிகைப் பூப் போல இருக்கிறது. பத்தே நிமிடத்தில் தட்டு காலி!

அந்த இட்லிக்கு வேலை எப்போது தொடங்கியது தெரியுமா? சனிக்கிழமை பகல் 1 மணிக்கு!

நாலு பங்கு புழுங்கல் அரிசி. ஒரு பங்கு உளுத்தம் பருப்பு. கொஞ்சம் வெந்தயம். கழுவி ஊற வைக்க வேண்டும். நாலு மணி நேரம் ஊற வேண்டும். சாயங்காலம் ஆட்ட வேண்டும். உப்புப் போட்டுக் கரைத்து வைக்க வேண்டும். வெயில் காலம் என்றால் 8 மணி நேரத்தில் மாவு பொங்கி விடும். மார்கழிக் குளிரில் 12 மணி நேரம் கூட ஆகும்.

மழை வருமா, குளிருமா என்று பார்த்துத்தான் மாவை எப்போது ஆட்டுவது என்று முடிவு செய்கிறார், வீட்டு அம்மா. இது கை வேலை மட்டும் அல்ல. மூளை வேலையும்தான். ஆனால் இந்த வேலை யார் கண்ணுக்கும் தெரிவது இல்லை.

"கறி வாங்கி வந்தது நான்தானே!"

"நானும்தான் வேலை செய்கிறேன். கறிக்கடையில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று கறி வாங்கி வந்தது யார்?" என்று கணவர்கள் கேட்பது உண்டு.

உண்மைதான். வரிசையில் நிற்பதும் வேலைதான். பையைக் கொண்டு வந்து அடுப்படியில் வைத்து விட்டால், அவர் வேலை முடிந்தது. பத்திரிகையைக் கையில் எடுத்துக் கொள்வார்.

அங்கே இருந்துதான் அம்மாவின் வேலை தொடங்குகிறது. கறியைக் கழுவ வேண்டும். சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும். தேங்காய் துருவ வேண்டும். மசாலா அரைக்க வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாத்திரங்களை வெந்நீர் விட்டுத் தேய்க்க வேண்டும்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது ஆண்களின் வழக்கம். உடம்புக்குக் குளிர்ச்சி. நல்ல தூக்கம் வரும். ஆனால் எண்ணெய் பட்ட துண்டைத் துவைப்பது யார்? வழுக்கும் குளியல் அறையைத் தேய்த்துக் கழுவுவது யார்?

ஒருவருடைய ஓய்வு, இன்னொருவருக்கு வேலை ஆகி விடுகிறது!

வார விடுமுறை வந்த வரலாறு

தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை சும்மா கிடைத்து விடவில்லை. அது போராடிப் பெற்றது.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் முன்பு வார விடுமுறை கிடையாது. ஏழு நாளும் வேலை. இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். 1884-ம் ஆண்டு முதல் அவர் வார விடுமுறை கேட்டு வந்தார்.

1890-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பம்பாயில் தொழிலாளர்களின் பெரிய கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் எழுந்து பேசினார்கள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல்!

அதே ஆண்டு ஜூன் 10-ந் தேதி, ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். மறு ஆண்டே தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை இடம் பெற்றது. சுதந்திரம் வந்த பிறகு, 1948-ம் ஆண்டுச் சட்டம் அதை இன்னும் உறுதி ஆக்கியது.

ஆலைக்குச் சட்டம் வந்தது. அடுப்படிக்கு வரவில்லை. ஆலையில் வேலை பார்த்த பெண்ணுக்கும் ஞாயிறு அன்று ஆலைக் கதவுதான் மூடியது. வீட்டு வேலை அப்படியே காத்திருந்தது.

கணக்கு என்ன சொல்கிறது?

வீட்டு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? மத்திய அரசு இதைக் கணக்கு எடுத்தது.

2019-ம் ஆண்டு எடுத்த கணக்கில், வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார். அதாவது ஏறத்தாழ 5 மணி நேரம்! வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். அதுவும், வீட்டு வேலையில் கை வைத்த ஆண்கள் 100-க்கு 26 பேர்தான். மற்றவர்கள் இந்தச் சராசரியிலேயே வர மாட்டார்கள்!

2024-ம் ஆண்டு மறுபடியும் கணக்கு எடுத்தார்கள். பெண்களின் நேரம் 289 நிமிடம் ஆனது. 10 நிமிடம் குறைந்தது. "அப்பாடா!" என்று மூச்சு விட வேண்டாம். ஆண்களின் நேரமும் 88 நிமிடமாகக் குறைந்து விட்டது!

"இப்போது எல்லாவற்றுக்கும் மிஷின் வந்து விட்டதே" என்பார்கள். வந்தது உண்மை. ஆட்டுக்கல்லும் அம்மியும் போய், கிரைண்டரும் மிக்சியும் வந்தன. தமிழ்நாடு அரசே 2011-ம் ஆண்டு முதல் இலவசமாக மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. தோள் வலி குறைந்தது. அது பெரிய நன்மைதான்.

ஆனால் கிரைண்டர் தானாக அரிசி ஊற வைக்காது. தன்னைத் தானே கழுவிக் கொள்ளாது. மிஷின் வேலையின் பாரத்தைக் குறைத்தது. வேலை செய்யும் ஆளை மாற்றவில்லை.

நீதிபதி சொன்ன வார்த்தை

வீட்டு வேலைக்குச் சம்பளம் இல்லை. அதனால் அதற்கு மதிப்பும் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. சென்னை ஐகோர்ட்டு அப்படி நினைக்கவில்லை.

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் இருந்து குடும்பத்தைக் கவனித்தார். சேர்த்த சொத்தில் மனைவிக்குப் பங்கு உண்டா என்பது கேள்வி.

"உண்டு. சரி பாதி உண்டு" என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி முடிவு சொன்னார். மனைவி வீட்டைப் பார்த்துக் கொண்டதால்தான் கணவர் கவலை இல்லாமல் சம்பாதிக்க முடிந்தது என்றார். கணவர் வேலை 8 மணி நேரம். வீட்டு வேலையோ விடுமுறை இல்லாமல் 24 மணி நேரமும் நடப்பது என்றும் அவர் எடுத்துக் காட்டினார்.

போனில் வரும் செய்திகள்

வீட்டு வேலை என்றால் சமையலும் துணி துவைப்பதும் மட்டும்தானா? இல்லை. சொந்த பந்தங்களைக் கட்டிக் காப்பதும் அதில் சேர்ந்தது.

முன்பு கடிதம் வந்தது. அவசரம் என்றால் தந்தி வந்தது. 2013-ம் ஆண்டு ஜூலையோடு தந்தியும் நின்று போனது. இப்போது எல்லாச் செய்தியும் போனில்தான். அதுவும் ஞாயிறு அன்றுதான் நிறைய வரும்.

"ஏங்க, திருச்சியில் இருந்து உங்க பெரியம்மா பேசினாங்க. அவங்க பேத்திக்கு வர்ற மாசம் வளைகாப்பாம்."

"அப்படியா? நல்லது."

"புதன்கிழமை வருது. லீவு கிடைக்குமா?"

"பார்க்கலாம். இல்லாட்டி நீ போயிட்டு வந்துடு."

கவனித்தீர்களா? பெரியம்மா கணவருடைய பெரியம்மா! ஆனால் போன் வருவது மனைவிக்கு. தேதியை நினைவில் வைப்பது மனைவி. மொய் நோட்டைப் புரட்டி, "அவங்க நமக்கு எவ்வளவு செஞ்சாங்க?" என்று பார்ப்பதும் மனைவி.

ஒரு நாள் இப்படியும் ஒரு செய்தி வரும்.

"ஏங்க, அம்மாவுக்கு மூணு நாளா காய்ச்சலாம். தம்பி இப்பத்தான் சொன்னான். போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"தாராளமா போயிட்டு வாம்மா. ஆனா..."

அந்த "ஆனா"வில்தான் எல்லாம் இருக்கிறது!

பிள்ளைகளுக்குச் சோறு யார் கட்டிக் கொடுப்பது? மாமியாருக்கு மாத்திரை யார் கொடுப்பது? பால்காரருக்கு யார் பதில் சொல்வது? கணவர் கெட்டவர் அல்ல. மனைவியிடம் பிரியம் உள்ளவர்தான். ஆனால் அவருக்கு வீடு தெரியாது.

அதனால் அவர் மனைவி இரண்டு நாள் குழம்பை ஒரே நாளில் வைக்கிறார். மாவு ஆட்டி வைக்கிறார். எல்லாம் முடித்துப் பஸ் ஏறுகிறார். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் போன் அடிக்கிறது.

"ஏம்மா, உப்பு எங்கே இருக்கு?"

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பெண் தன் தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து இருக்கும்போதும், மனம் இங்கே அடுப்படியில் இருக்கும். பெற்ற தாயோடு இரண்டு நாள் நிம்மதியாக இருக்க முடியாது. இதுதான் பெரிய இழப்பு.

என்ன செய்யலாம்?

"உதவி செய்கிறேன்" என்று சொல்வதை முதலில் விட்டு விடுங்கள். உதவி என்றால் வேலை இன்னொருவருடையது என்று பொருள். ஒரு வேலையை முழுவதும் உங்களுடையது ஆக்கிக் கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாவு உங்கள் பொறுப்பு என்றால், அரிசி தீர்ந்து போனதைப் பார்ப்பது முதல் கிரைண்டரைக் கழுவி வைப்பது வரை நீங்கள்தான். நடுவில் யாரும் நினைவுபடுத்தக் கூடாது.

துணி மடிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மகளுக்கு மட்டும் அல்ல, மகனுக்கும்! அவரவர் சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவட்டும்.

உங்கள் பெரியம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் நீங்களே போன் செய்யுங்கள். அவர்களுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எந்த டப்பாவில் எது இருக்கிறது? யாருக்கு எந்த மாத்திரை? கேஸ் சிலிண்டருக்கு எந்த நம்பரில் சொல்ல வேண்டும்? பால் கணக்கு என்ன? எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் சுற்றும் தோசை முதலில் இலங்கைப் படம் போலத்தான் இருக்கும். "நகருங்க, நானே செய்றேன்" என்று கரண்டியைப் பிடுங்க வேண்டாம். நாலாவது வாரம் வட்டமாகி விடும்!

ஞாயிறு அன்றும் பஸ் ஓட்டும் கணவர்கள் உண்டு. கடை திறக்கும் கணவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை ஞாயிறாக இருக்கட்டும். கிழமை முக்கியம் அல்ல. இருவருக்கும் ஓய்வு வேண்டும். அதுதான் முக்கியம்.

மனைவி, "அம்மாவைப் பார்த்துட்டு வரட்டுமா?" என்று கேட்கும் நாள் எந்த வீட்டிலும் வரும். அன்று, "போய் நாலு நாள் இருந்துட்டு வாம்மா. இங்கே நான் பார்த்துக்கிறேன்" என்று கணவர் சொல்ல வேண்டும். "ஆனா" போடக் கூடாது!

அப்படிச் சொல்ல வேண்டும் என்றால், உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று இந்த ஞாயிறே தெரிந்து கொள்ளுங்கள்.