கண் மருத்துவரிடம் முதன்முறை வருபவருக்கு

எங்கள் கண் புறநோயாளிகள் பிரிவில் காலை எட்டு மணிக்கே இருக்கைகள் நிறைந்துவிடுகின்றன. பத்து மணிக்குள் வேலையை முடித்துக்கொண்டு துறைமுகத்துக்கோ உப்பளத்துக்கோ கடைக்கோ திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் பலர் வருகின்றனர். முதன்முறை வருபவருக்கு அவ்வாறு முடிவதில்லை. மூன்று மணி நேரமாவது ஆகும். ஏன் ஆகிறது என்பதை அறிந்து வந்தால் பாதியில் எழுந்து செல்ல நேராது. அப்படி எழுந்து சென்ற ஒருவரைப் பற்றிக் கீழே கூறுகிறோம்.

முதலில் நடப்பது விசாரணை. பழைய கண்ணாடி உடைந்திருந்தாலும் எடுத்து வாருங்கள். உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும், கண்ணில் விட்ட சொட்டு மருந்துப் புட்டிகளையும் கொண்டு வாருங்கள். கண்ணுக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். சிறுநீர் தடையின்றிப் பிரிவதற்காக முதியவர்கள் உட்கொள்ளும் சில மாத்திரைகளால், கண்புரை அறுவையின்போது கண்பாவை விரிந்து நில்லாமல் சுருங்கிவிடும். முன்னரே தெரிந்தால் அறுவை செய்பவர் அதற்கேற்ப ஆயத்தமாவார். கண் சிவந்தபோது மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விட்ட சொட்டு மருந்தையும் மறைக்க வேண்டா. அவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவை கண்ணின் அழுத்தத்தை உயர்த்தி, பார்வை நரம்பையே அழிக்கக்கூடும்.

தொழிலையும் கேட்போம், அது ஊர்க்கதை அன்று. உப்புப் பாத்தியின் வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயில், மேலிருந்து விழும் வெயிலோடு சேர்ந்து கண்ணைத் தாக்குகிறது. நெடுங்காலம் உப்பளத்தில் உழைத்தவர்களின் கண்ணில் மூக்குப் பக்கத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழியின் மீது ஏறுவதை அடிக்கடி காண்கிறோம். முத்துக்குளிப்பு நின்று பல்லாண்டுகள் ஆயினும் சங்கு குளிப்பவர்கள் இக்கரையில் இன்றும் உள்ளனர். ஆழத்தில் முகக்கண்ணாடிக்குள் உள்ள காற்று சுருங்கி, கண்ணை உறிஞ்சுவதுபோல் இழுக்கும். அதனால் நுண்ணிய இரத்தக்குழாய் வெடித்து வெள்ளைவிழி முழுதும் சிவந்துவிடும். பார்க்க அச்சமூட்டினும், வலியோ பார்வைக் குறைவோ இல்லையெனில் அது இரண்டு வாரங்களில் தானே மறையும். பனை மட்டையின் கருக்கு கண்ணில் கீறியது அவ்வாறன்று. அக்கீறலில் பூஞ்சை பற்றிக்கொண்டால் கருவிழி புண்ணாகி வெளுத்துவிடும். அதில் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் விட்டுப் பார்த்து, ஒரு வாரம் கழித்து வருகின்றவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடியது மிகவும் குறைந்துவிடுகிறது.

அடுத்தது எழுத்துப் பலகை. ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு 6 மீட்டர் தொலைவிலிருந்து படிக்க வேண்டும். சீட்டில் 6/60 என்று எழுதியிருந்தால், நல்ல பார்வையுடையவர் 60 மீட்டரிலிருந்து காணும் எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் காண இயலுகிறது என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கூச வேண்டியதில்லை. குறியின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். முன்னால் நிற்பவர் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்களும் உண்டு. இத்தேர்வில் தேர்ச்சி பெற்றால் இழப்பு உங்களுக்கே.

பின்னர் கண்ணின் அழுத்தம் அளக்கப்படும். காற்றை ஊதும் கருவியாயின் ஒரு கணம் திடுக்கிடும், அவ்வளவே. பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பு எனக் கொள்கிறோம். கண் அழுத்த நோய் வலியின்றி வரும். பக்கப் பார்வையை முதலில் தின்னும். நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருப்பதால் நோயாளிக்கு ஐயமே எழாது. அதில் இழந்த பார்வை திரும்புவதில்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ அந்நோய் இருந்தால் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். அளவு இயல்பாக இருப்பினும் நரம்பைக் கூர்ந்து பார்ப்போம். அதன்பின், தாடையைத் தாங்கியில் பதித்து, ஒளிக்கீற்றுள்ள நுண்நோக்கியால் கண்ணின் முன்பகுதி பார்க்கப்படும். ஒளி கூசும், தீங்கு செய்யாது.

இனி வருவதுதான் நேரம் பிடிப்பது. கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு, இருபது முப்பது நிமிடம் கண்ணை மூடி அமரச் சொல்வோம். கண்பாவை ஒரு சன்னல். ஒளி பட்டவுடன் அது சுருங்குகிறது; விரித்தால்தான் உள்ளே விழித்திரையின் விளிம்புவரை காண இயலும். சிலருக்கு இம்மருந்தே அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும் என்பதால், நுண்நோக்கியில் பார்த்து உறுதி செய்த பின்னரே விடுகிறோம். நான்கு முதல் ஆறு மணி நேரம் அருகில் உள்ள எழுத்து மங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்டலாகாது.

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவர் எழுந்து சென்றார். துறைமுகத்துக்குச் சரக்கு லாரி ஓட்டுபவர், ஐம்பது வயது, ஏழெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கிட்டத்தில் உள்ள எழுத்து மங்குகிறது என்று வந்தார். பலகையின் கடைசி வரிவரை தடையின்றிப் படித்தார். மருந்து விட வேண்டும் என்றபோது, “கண்ணாடி மட்டும் எழுதிக் கொடுங்க சார், மத்தியானம் லோடு இருக்கு” என்றார். எழுதிக் கொடுத்தோம். வேறொரு நாள் வரச் சொன்னோம்; எந்த நாள் என்று குறித்துக் கொடுக்கவில்லை. பதினான்கு மாதம் கழித்து, வலக்கண்ணில் திடீரென்று கரிய திரை இறங்கியதாக மனைவி கைபிடித்து அழைத்து வந்தார். விழித்திரையில் புதிதாக முளைத்த வலுவற்ற இரத்தக்குழாய்கள் உடைந்து உள்ளே குருதி நிறைந்திருந்தது. இடக்கண்ணிலும் அவை முளைத்திருந்தன. லேசர் செய்தோம், இடக்கண் காப்பாற்றப்பட்டது. வலக்கண்ணில் அறுவைக்குப் பின்னும் கைவிரல்களை எண்ணும் அளவே மீண்டது. லாரி ஓட்டும் தொழில் போயிற்று.

சர்க்கரை நோயால் விழித்திரை கெடத் தொடங்கும்போது பலகையில் அனைத்தும் தெரியும். ஆகவே சர்க்கரை உள்ளவர், பார்வை நன்றாயிருக்கிறது என்ற காரணத்தால் அஞ்சாமல் இருக்கலாகாது; ஆண்டுக்கு ஒருமுறை மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்குப் பின் எங்கள் வழக்கத்தையும் மாற்றிக்கொண்டோம். மருந்து வேண்டாம் எனச் செல்பவரின் சீட்டில் திரும்பி வரவேண்டிய தேதியையும், உடன் வருபவரின் கைப்பேசி எண்ணையும் எழுதாமல் அனுப்புவதில்லை.

ஒரு நாள் கூலி போவதும், துணைக்கு வருபவரின் கூலி போவதும் சிறிய இழப்பு அல்ல என்பதை நாங்கள் அறிவோம். இம்மாவட்டத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி இதை நன்கு உணர்ந்திருந்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பின்னும் அறுவைக் கத்தியைப் பிடித்தவர் அவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் முகாம்களில் அறுவையோடு பேருந்துப் பயணம், உணவு, தங்குமிடம் ஆகியனவும் இலவசமாயின. அறுவைக் கட்டணம் இல்லை என்பது மட்டும் ஓர் ஏழையை மருத்துவமனைவரை கொண்டுவந்து சேர்ப்பதில்லை.

எனவே அவசரமில்லாத முதல் பரிசோதனைக்கு வேலை குறைந்த காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். உப்பளத்தார்க்கு ஐப்பசி, கார்த்திகை மழைநாட்கள். விசைப்படகு மீனவர்க்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம். ஆனால் திடீரென்று பார்வை மறைதல், மின்னல்போல் ஒளி வெட்டுதல், கண்ணில் அடிபடுதல் ஆகியவற்றுக்குப் பருவம் பார்க்க வேண்டா.

கண்புரை என்று சொன்னவுடன், “முற்றட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்” என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவர். அது பழைய அறுவை முறைக்கு உரிய அறிவுரை. இன்று அன்றாட வேலைக்கு இடையூறாகும்போதே அகற்றலாம். மிகவும் முற்றிய புரை கடினமாகி அறுவையைச் சிக்கலாக்கும். முதல் நாளிலேயே அறுவைக் கூடத்துக்கு அழைத்துச் சென்றுவிடுவார்களோ என அஞ்சுபவர்களும் உளர். இல்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து, வீட்டாரோடு பேசி, உங்கள் இசைவு பெற்ற பின்னரே நாள் குறிக்கப்படும்.

மருந்து விட்டுத் திரும்பும்போது குடையோ கருப்புக் கண்ணாடியோ இருந்தால் நலம். படியிறங்கும்போது உடன் வந்தவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். குழந்தைகளுக்கு விடும் சில மருந்துகளின் விளைவு பல நாட்கள் நீடிக்கும். பள்ளியில் கரும்பலகை தெரிந்தாலும் புத்தகம் தெரியாது என்று ஆசிரியரிடம் கூறிவிடுங்கள். வீடு சேர்ந்த பின் கண் சிவந்து கடுமையாக வலித்து, தலைவலியும் வாந்தியும் வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.