பொத்தானுக்கும் மெனுவுக்கும் இடையே: தொடக்கநிலைக் கேமராவின் எளிமை

கைக்கு அடக்கமான டிஜிட்டல் கேமராவை முதன்முதலாக வாங்குவோர் பெரும்பாலும் மெகாபிக்சல் எண்ணிக்கையையும் ஜூம் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுக்கின்றனர். ஆனால் அந்தக் கேமரா நாள்தோறும் கையில் புழங்குமா, சில மாதங்களில் அலமாரிக்குள் போய்விடுமா என்பதை, அதன் பொத்தான்கள் எங்கே அமைந்துள்ளன, மெனுவில் எது எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பவையே பெரிதும் தீர்மானிக்கின்றன. குழந்தை சிரிக்கும் கணத்தில் ஃபிளாஷை அணைக்கும் வழியைத் தேடி ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டியல்களைத் திறக்க வேண்டியிருந்தால், உள்ளே இருக்கும் உணரி எவ்வளவு சிறந்ததாயினும் அந்தப் படம் கிடைக்கப்போவதில்லை. படமெடுக்கும் நேரத்தில் மாற்ற வேண்டியவை விரலடியிலும், ஒருமுறை அமைத்தால் போதுமானவை மெனுவிலும் இருக்க வேண்டும் என்பதே தொடக்கநிலைக் கேமராவின் வடிவமைப்புக்கு அடிப்படை விதியாகும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கோடக் கேமராவில், கயிற்றை இழுத்து ஷட்டரை ஆயத்தப்படுத்துவது, பொத்தானை அழுத்துவது, சாவியைத் திருகிப் படச்சுருளை நகர்த்துவது ஆகிய மூன்று செயல்களே பயனருக்கு இருந்தன. படங்களைக் கழுவி அச்சிடும் வேலையை நிறுவனமே ஏற்றுக்கொண்டது. 1995இல் சந்தைக்கு வந்த கேசியோ க்யூவி-10 கேமராவின் பின்புறத்தில் 1.8 அங்குலத் திரை ஒன்று இடம்பெற்றது. எடுக்கப்போகும் காட்சியையும் எடுத்த படத்தையும் அங்கேயே பார்க்கும் வசதி சாதாரணப் பயனருக்கு அதன்மூலம் கிடைத்தது. திரை வந்ததும் மெனுவுக்கு இடம் கிடைத்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு வசதிக்கும் கேமராவின் உடலில் ஒரு திருகோ நெம்புகோலோ தேவைப்பட்டதால் வசதிகளின் எண்ணிக்கைக்கு இயல்பாகவே ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லை மறைந்தபின், எத்தனை வசதிகளை வேண்டுமானாலும் திரைக்குள் அடுக்கலாம் என்ற நிலை ஏற்பட்டு, அவற்றுள் வேண்டியதைத் தேடும் சுமை பயனரின் மேல் விழுந்தது.

உடலிலேயே எஞ்சியுள்ள கட்டுப்பாடுகளில் முதன்மையானது ஷட்டர் பொத்தான். இது இரண்டு நிலைகளில் இயங்குகிறது: பாதி அழுத்தும்போது கேமரா பொருளின் தூரத்தைக் கணித்துக் குவியத்தையும், வெளிச்சத்தை அளந்து ஒளியளவையும் நிலைப்படுத்திக்கொள்கிறது, முழுவதும் அழுத்தும்போது படம் பதிவாகிறது. குவியம் அமைந்ததைப் பெரும்பாலான கேமராக்கள் மெல்லிய ஒலியாலும் பச்சை நிறச் சட்டத்தாலும் அறிவிக்கின்றன. இந்த இரண்டு நிலைகளை அறியாத புதியவர் ஒரே வீச்சில் அழுத்திவிடுவதால்தான் தொடக்ககாலப் படங்களில் பல மங்கலாகவோ அசைந்தோ அமைகின்றன. ஆகவே, பாதி அழுத்தம் எங்கே முடிகிறது என்பதை விரல் தெளிவாக உணரும்படி பொத்தான் அமைந்திருப்பது, விளம்பரத்தில் இடம்பெறாவிட்டாலும், மிக முக்கியமான தகுதியாகும். எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஷட்டர் பொத்தானைத் தொட்டதும் கேமரா உடனே படமெடுக்கும் நிலைக்குத் திரும்புவதும் இதே வகையைச் சேர்ந்த நல்லதோர் ஏற்பாடு.

அடுத்தது, கேமராவின் மேற்புறத்தில் அமையும் முறைச் சக்கரம். தானியங்கி முறை, உருவப்படம், நிலக்காட்சி, இரவுக்காட்சி, வீடியோ என்னும் முறைகளைக் குறிக்கும் சின்னங்கள் அதன் விளிம்பில் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க அறிவாற்றல் அறிஞர் டொனால்ட் நார்மன், அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி 1988இல் வெளியிட்ட நூலில், ஒரு கருவி எந்த நிலையில் இருக்கிறது என்பது பயனரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வலியுறுத்தினார். கருவி ஒரு முறையில் இருக்க, பயனர் அது வேறொரு முறையில் இருப்பதாக எண்ணிச் செயல்படுவதால் நேரும் தவற்றை அவர் தனிவகையாகவே பிரித்துக் காட்டினார். சக்கரம் இத்தவற்றைக் குறைக்கிறது. ஏனெனில் கேமரா அணைந்திருக்கும்போதும் அதைப் பார்த்த மாத்திரத்தில் முறை எதுவென்று தெரிந்துவிடும். முறைத் தேர்வு மெனுவுக்குள் சென்றுவிட்ட கேமராக்களில், நேற்று இரவுக்காட்சிக்கு மாற்றியதை மறந்து இன்று பகலில் படமெடுப்பவருக்கு அந்த உதவி கிடைப்பதில்லை.

பின்புறத்து நான்குதிசைப் பொத்தானுக்கு இரட்டை வேலை உண்டு: மெனுவில் மேலும் கீழும் இடமும் வலமும் நகர்த்துவது ஒன்று, படமெடுக்கும்போது ஒவ்வொரு திசையும் ஒரு குறுக்குவழியாவது மற்றொன்று. மின்னல் ஃபிளாஷையும், பூ அண்மைப் படத்துக்குரிய மேக்ரோவையும், கடிகாரம் தாமதித்துப் படமெடுக்கும் டைமரையும் குறிக்கும் வழக்கம் நிறுவனங்கள் பலவற்றுக்கும் பொதுவாகிவிட்டதால், ஒரு கேமராவில் கற்றது மற்றொன்றிலும் உதவுகிறது.

பொத்தானுக்கும் மெனுவுக்கும் இடைப்பட்ட நிலைக்கு, 2007இல் வெளிவந்த கேனன் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ் நல்ல எடுத்துக்காட்டு. 7.1 மெகாபிக்சலும் 4 மடங்கு ஜூமும் கொண்டு, கடைகளில் எளிதில் கிடைக்கும் இரண்டு ஏஏ மின்கலங்களில் இயங்கிய இந்தக் கேமராவில், நான்குதிசைப் பொத்தானின் நடுவே உள்ள பொத்தானை அழுத்தினால், எதிரே உள்ள காட்சி மறையாமலேயே திரையின் இடது ஓரத்தில் சில சின்னங்களும், கீழ் வரிசையில் தேர்ந்த சின்னத்துக்குரிய தெரிவுகளும் தோன்றும். மேல், கீழ்த் திசைகளால் எதை மாற்றுவது என்பதையும், இடம், வலத் திசைகளால் எவ்வளவு மாற்றுவது என்பதையும் முடிவு செய்யலாம். டியூப் லைட்டின் கீழே வெண்மை நிறம் திரிந்து தெரிந்தால், ஒளியின் நிறத்துக்கேற்ப வெண்மையைச் சரிசெய்யும் வெண் சமநிலையில் ஒவ்வொரு தெரிவாக நகர்த்தும்போதே திரையில் நிறம் மாறுவதைக் காண முடியும். ஒளியளவுத் திருத்தமும் அவ்வாறே: கேமராவின் ஒளிமானி எதிரே உள்ள காட்சி நடுத்தரப் பிரகாசம் உடையதென்று கொள்வதால், வெள்ளைச் சுவரும் வெள்ளை உடையும் நிறைந்த காட்சி சாம்பல் பூத்து விழுகிறது, அப்போது திருத்தத்தைக் கூட்டல் பக்கம் சற்றே நகர்த்தினால் வெண்மை மீண்டுவிடும். காரணமும் விளைவும் ஒரே திரையில் அடுத்தடுத்துத் தெரிவதால், கையேட்டைப் புரட்டாமலேயே பயனர் ஒளியைப் பற்றிய பாடத்தைக் கற்றுக்கொள்கிறார். இந்த வகையில் பார்த்தால், நல்ல கட்டுப்பாட்டு அமைப்பு ஆசிரியரின் பணியையும் சேர்த்தே செய்கிறது.

முதன்மை மெனுவுக்குரியவை தேதி, மொழி, ஒலி, நினைவட்டையை முழுவதும் அழித்து ஆயத்தப்படுத்தும் ஃபார்மட் ஆகியவை போன்று அரிதாக மாறுபவை. படமெடுப்பது தொடர்பானவற்றை ஒரு பக்கமும், கருவியின் அமைப்புகளை மற்றொரு பக்கமுமாகப் பிரித்து வைப்பதும், அழிப்பதற்கு முன்பு உறுதி கேட்டு, ‘வேண்டாம்’ என்னும் தெரிவில் சுட்டியை நிறுத்திவைப்பதும் நல்ல மெனுவின் அடையாளங்கள். மொழியும் இங்கே பெரிதும் உதவும். நிக்கான் நிறுவனத்தின் கூல்பிக்ஸ் வரிசையில் சில மாதிரிகள் தமிழையும் மெனு மொழியாகத் தந்துள்ளன. ஆங்கிலக் குறுஞ்சொற்களைக் கண்டு தயங்கும் முதியவருக்கும் மாணவருக்கும் இது கதவைத் திறந்துவிடும் ஏற்பாடு.

வசதிகளை மறைத்தால் எளிமை வந்துவிடும் என்று எண்ணுவது மட்டும் தவறு. முழுத் தானியங்கி முறையில் பல தெரிவுகள் மங்கலாக்கப்பட்டு, ஏன் மங்கின என்ற விளக்கம் ஏதும் தரப்படாதபோது, புதியவர் கருவி பழுதாகிவிட்டதென்றே கருதக்கூடும். ‘இந்த முறையில் இதனை மாற்ற இயலாது’ என்ற ஒரு வரிச் செய்தி அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

ஆகவே கேமரா வாங்கச் செல்பவர் கடையிலேயே அதைக் கையில் எடுத்து, பிறர் உதவியின்றி ஃபிளாஷை அணைக்கவும், அருகிலுள்ள பொருளைத் தெளிவாக எடுக்கவும், படத்தைச் சற்று வெளிச்சமாக்கவும், எடுத்த ஒரு படத்தை மட்டும் அழிக்கவும், மீண்டும் படமெடுக்கும் நிலைக்குத் திரும்பவும் முயன்று பார்க்க வேண்டும். இந்த ஐந்தையும் தடுமாறாமல் செய்ய இடங்கொடுக்கும் கேமராவே, மெகாபிக்சலில் சற்றுக் குறைந்ததாயினும், தொடக்கநிலையினருக்கு ஏற்றது. தொழில்நுட்ப விவரப் பட்டியலில் இந்தத் தகுதி அச்சிடப்படுவதில்லை என்பதால், அதை அளந்தறிய வாங்குபவரின் விரல்களைவிட நம்பத்தக்க அளவுகோல் வேறில்லை.