வழிப்போக்கரின் உரிமை

1963-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஐரோப்பா கடுங்குளிரில் உறைந்து கிடந்தது. அந்நாளில் அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த டெர்வ்லா மர்ஃபி என்னும் 31 வயதுப் பெண்மணி, பிரான்சின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து மிதிவண்டியில் தன்னந்தனியே புறப்பட்டார். அவர் சென்றடைய எண்ணிய இடம் இந்தியா! பத்தாவது பிறந்த நாளில் பெற்றோர் ஒரு பழைய மிதிவண்டியையும், பாட்டனார் ஓர் உலக வரைபட நூலையும் பரிசளித்தனராம். அன்றே உள்ளத்தில் விழுந்த விதை அது. ஆனால் 14 வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, மூட்டுவாத நோயால் முடங்கிய தாயாருக்குப் பணிவிடை செய்யும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. தாயாரின் மறைவுக்குப் பின்னரே வண்டியை வெளியே எடுத்தார். பெற்றோர் பணியை முடித்துவிட்டுப் பயணம் புறப்பட்ட இச்செய்தி நம் வீட்டுப் பிள்ளைகளின் செவியிலும் விழட்டும்.

துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஆகிய நாடுகளைக் கடந்து அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அம்மையார் டில்லி வந்து சேர்ந்தார். ‘ஃபுல் டில்ட்’ என்னும் பெயரில் அவருடைய பயண நூல் 1965-இல் வெளிவந்தது. அந்நூலில் அவர் உள்ளத்தைப் பறிகொடுத்து நிற்கும் நாடு எது தெரியுமா? ஆப்கானிஸ்தான்! அந்நாட்டில் ஒரு பேருந்தில் எழுந்த கைகலப்பின்போது துப்பாக்கிக் கட்டை தாக்கி அவருடைய விலா எலும்புகள் முறிந்தன. அப்படியிருந்தும் அந்த மக்கள் மீது அவர் கொண்ட அன்பு சிறிதும் குறையவில்லை.

மிதிவண்டிப் பயணி மற்றப் பயணிகளைப் போன்றவர் அல்லர். மோட்டாரில் செல்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஊரைக் கடந்து விடுகிறார். இரயிலில் செல்பவருக்கு ஊரின் பெயர்ப்பலகை மட்டுமே தெரிகிறது. மிதிவண்டியில் வருபவரோ பெரும்பாலும் இரண்டு பட்டணங்களுக்கு இடையே, விடுதி என்று ஒன்றில்லாத ஏதோவொரு சிற்றூரில், பொழுது சாயும் வேளையில், களைத்த உடலோடு வந்து நிற்கிறார். தண்ணீரும், ரொட்டியும், தலை சாய்க்க ஓரிடமும் யாராவது ஒருவர் கொடுத்தாக வேண்டும். கதவைத் தட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. மக்களின் உள்ளம் எத்தகையது என்பதைக் காணும் வாய்ப்பு, இங்ஙனம் தேவையோடு வந்து நிற்பவருக்கே கிட்டுகிறது.

பஷ்தூன் மக்களின் ஊர்களில் ‘ஹுஜ்ரா’ எனப்படும் விருந்தினர் கூடம் ஒன்றிருக்கும். கயிற்றுக் கட்டில்கள் போடப்பட்டிருக்கும். விருந்தோம்பலை அவர்கள் ‘மெல்மஸ்தியா’ என்றழைக்கிறார்கள். அது அவர்களுடைய குலநெறியின் தூண்களில் ஒன்று. அனத்தோலியாவின் சிற்றூர்களிலும் வழிப்போக்கருக்கென்று ‘ஊர் அறை’ ஒன்றை வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். நம் வீடுகளில் தெருவைப் பார்த்தபடி திண்ணை கட்டிய காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவ்வழக்கத்தை வெறும் இரக்கத்தின் விளைவு என்று எண்ணிவிடக் கூடாது. திருமறை வழிப்போக்கரை ‘இப்னுஸ் ஸபீல்’, அதாவது ‘பாதையின் மகன்’ என்று அழகுற அழைக்கிறது. உறவினரையும் ஏழையையும் குறிப்பிட்ட அதே இடத்தில், அவருக்குரிய ‘ஹக்கை’க் கொடுத்துவிடும்படிப் பணிக்கிறது. ஹக்கு என்றால் உரிமை. உரியவருக்கு உரியதைக் கொடுப்பவர் உபகாரி ஆகிவிட மாட்டார். கடனைத் தீர்த்தவரே ஆவார். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள்ளும் வழிப்போக்கர் ஒருவர். சொந்த ஊரில் செல்வந்தராக இருப்பினும், வழியில் கையறு நிலைக்கு ஆளானவர் அதைப் பெறலாம் என்பது மார்க்கச் சட்ட மேதைகளின் தீர்ப்பு. ஜகாத் முஸ்லிம்களுக்கு உரியது என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. ஆனால் விருந்துபசாரத்துக்கும் பொதுவான தருமத்துக்கும் அந்த வரம்பில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல், பிற சமயத்தவருக்கு ஒரு வாய்ச் சோறிடவும் தயங்குவோர் சிலர் உளர் என்பதாலேயே இதைச் சொல்ல நேர்கிறது.

கைசேரி நகரின் அருகே ஸல்ஜூக்கியர் காலத்துக் ‘கராதாய் கான்’ என்னும் பயணியர் விடுதி இன்றும் நிற்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அதன் வக்ஃப் பத்திரம், அங்கு வருபவர் முஸ்லிமாயினும் அல்லாதவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், சுதந்திரராயினும் அடிமையாயினும், அனைவருக்கும் ஒரேவிதமாக ரொட்டியும் இறைச்சியும் வழங்கப்பட வேண்டுமென விதித்தது. வெள்ளி இரவுகளில் தேன் கலந்த இனிப்பும் உண்டு. அந்த இனிப்பைக்கூட மறவாமல் பத்திரத்தில் எழுதி வைத்தவரின் உள்ளம் எத்தகையது!

அதற்கு அடுத்த நூற்றாண்டில் அனத்தோலியா சென்ற இப்னு பதூதா ஒரு வேடிக்கையைச் சொல்லுகிறார். ஒரு நகரின் கடைவீதியில் சென்றபோது, கடைகளிலிருந்து இறங்கி வந்த சிலர் குதிரைகளின் கடிவாளங்களைப் பற்றினர். வேறு சிலர் வந்து அவர்களைத் தடுத்தனர். கத்திகளும் உருவப்பட்டன. கள்வர்களிடம் அகப்பட்டோம் என்று பயணிகள் நடுங்கினர். பின்னர்தான் விவரம் புரிந்தது. அவர்கள் ‘அகீ’ என்னும் தொழிலாளர் சகோதரத்துவத்தின் இரு பிரிவினர். விருந்தினரை யார் அழைத்துச் செல்வது என்பதே வழக்கு! இறுதியில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தனராம். பகலெல்லாம் உழைத்து ஈட்டியதை அஸர் தொழுகைக்குப் பின் தலைவரிடம் ஒப்படைத்து, அதைக் கொண்டு இரவில் விருந்தினரை உபசரிப்பது அவர்களுடைய வழக்கம்.

விருந்தினருக்குத் தொல்லை தரும் உபசரணையும் உண்டு. தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884-இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து, முன்சக்கரம் மிகப் பெரிதாக இருக்கும் பழங்கால மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். துருக்கிச் சிற்றூர்களில் அவருக்கு உணவும் இடமும் கிடைத்தன. கூடவே, ‘ஏறி ஓட்டிக் காட்டு’ என்று நச்சரிக்கும் பெருங்கூட்டமும் சேர்ந்தது. நாளெல்லாம் மிதித்துக் களைத்தவர் மாலையில் வித்தை காட்ட வேண்டுமென்றால் எப்படியிருக்கும்? இப்ராஹீம் நபி (அலை) அவர்கள், விருந்தினர் வந்ததும் ‘என்ன வேண்டும்?’ என்று வினவாமல் சந்தடியின்றி உள்ளே சென்று கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்து வைத்த நயத்தைத் திருமறை விரிவுரையாளர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள்.

எங்கும் எல்லாரும் நல்லவரே என்று சொல்ல நான் முற்படவில்லை. மர்ஃபி அம்மையார் கைத்துப்பாக்கியுடன்தான் சென்றார். அதைக் காட்டித் திருடர்களை விரட்ட வேண்டிய நிலையும் நேர்ந்தது. காவல் நிலையம் ஒன்றிலேயே மானத்துக்கு வந்த ஆபத்திலிருந்து அவர் தப்பினார். நம்மவரைப் புகழும் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றை மறைப்பது நேர்மையாகாது.

மறைக்கவே கூடாத இன்னொன்றும் உண்டு. 2018-ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று தஜிகிஸ்தானில் ஏழு வெளிநாட்டு மிதிவண்டிப் பயணிகள் மீது காரை ஏற்றி, வீழ்ந்தவர்களைக் கத்தியால் குத்தினர் சிலர். இரு அமெரிக்கர், ஒரு டச்சுக்காரர், ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் ஆகிய நால்வர் மாண்டனர். ‘இஸ்லாமிய அரசு’ என்று தன்னை அழைத்துக்கொண்ட அமைப்பு இதற்குப் பொறுப்பேற்றது. அந்த அமெரிக்கர் இருவரும் ஓராண்டுக்கு மேலாக நாடு நாடாக மிதித்து, வழியில் கண்ட அன்புள்ளங்களைப் பற்றி எழுதி வந்தவர்கள்.

மார்க்கத்தின் பெயரால் இதைச் செய்தவர்கள் மார்க்கச் சட்டத்தின் முதற்பாடத்தையேனும் படித்தார்களா? ‘அமான்’ என்னும் அடைக்கல வாக்கை முஸ்லிம்களுள் மிகச் சாதாரணமான ஒருவர் கொடுத்தாலும் அது சமுதாயம் முழுவதையும் கட்டுப்படுத்தும். மக்கா வெற்றியின்போது உம்முஹானீ (ரலி) என்னும் பெண்மணி எதிரணியினருக்குக் கொடுத்த அடைக்கலத்தை, அவருடைய சொந்தச் சகோதரர் மறுத்தபோதும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்று உறுதி செய்தார்கள். ஓர் அரசாங்கம் வழங்கும் விசாவும் அமானே என்பது இக்கால அறிஞர்களின் விளக்கம். ஆகவே அந்நால்வரும் முஸ்லிம்களின் அடைக்கலத்தில் இருந்தவர்கள். அவர்களைக் கொன்றது கொலைப் பாவம். அதனோடு வாக்குத் துரோகமும் சேர்கிறது.

நம் ஊர்ப் பள்ளிவாசல்களுக்கு வருவோம். இஷாத் தொழுகை முடிந்ததும் பல இடங்களில் கதவு பூட்டப்படுகிறது. திருட்டுப் பயம் இருக்கிறது. நிர்வாகிகளை நான் குறை கூறவில்லை. அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வதிலும் தவறில்லை. விருந்துக்கு மூன்று நாள் என நபிமொழி வரையறுத்திருக்கிறது. அதற்கு மேல் தங்கி விருந்தளிப்பவரைச் சங்கடப்படுத்தக் கூடாதென விருந்தினருக்கும் கட்டளையிட்டிருக்கிறது. பயந்து கதவடைப்போருக்கு இந்த வரையறையே போதிய பாதுகாப்பாகும். முற்காலத்தில் முஸாபிர்களுக்கென ஒதுக்கிய அறை இன்றும் சில பள்ளிகளில் இருக்கிறது. பெரும்பாலும் பழைய பாய்களும் உடைந்த மின்விசிறிகளும் அதில் குவிந்து கிடக்கின்றன. இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறதென்று மோதினாரைக் கேட்டுப் பாருங்கள்.