ஷெட்டில் நின்றாலும் செலவு வைக்கும்! சூப்பர் கார்களின் அசல் கணக்கு

மிஸ்டர் பீன் என்றதும் கறுப்பு பானெட் போட்ட அந்தப் பச்சை நிற மினி கார்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த வேடத்தில் நடித்த ரோவன் அட்கின்சன் நிஜத்தில் வைத்திருந்தது மெக்லாரன் எஃப்1. 1990-களில் உலகின் அதிவேக கார். மொத்தமே 106 கார்கள்தான் தயாரிக்கப்பட்டன.

2011 ஆகஸ்ட்டில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில் அந்த கார் சாலையைவிட்டு விலகி மரத்தில் மோதியது. அட்கின்சன் தோள்பட்டைக் காயத்தோடு தப்பித்தார். கார் ரிப்பேராகி வர ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. பில் சுமார் 9,10,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் 7 கோடி ரூபாய்க்கும் மேல். 1997-ல் அவர் அந்த காரை வாங்கிய விலையைவிட ரிப்பேர் செலவு அதிகம்! நல்லவேளையாக இன்ஷூரன்ஸ் கைகொடுத்தது.

2015-ல் அதே காரை அவர் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். 'சூப்பர் கார் வாங்குவது செலவல்ல, முதலீடு' என்று சொல்பவர்களுக்கு இதைவிட வசதியான உதாரணம் கிடைக்காது. ஆனால், அது உலகத்திலேயே 106 மட்டும் தயாரிக்கப்பட்ட கார். மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை, ஷோரூம் வாசலைத் தாண்டிய நாள் முதலே விலை குறைய ஆரம்பித்துவிடும். குறையாதது ஒன்றே ஒன்றுதான்... பராமரிப்புச் செலவு.

ஓடாவிட்டாலும் மாற்ற வேண்டும்

'வாரத்துக்கு ஒரு நாள்தானே எடுக்கப்போகிறோம், என்ன பெரிய செலவு?' என்று தோன்றும். இங்கேதான் கணக்கு தப்புகிறது.

மெக்லாரன் எஃப்1-ல் பெட்ரோல் நிரப்பப்படுவது, ரேஸ் கார்களில் இருப்பதைப்போன்ற ஒரு ரப்பர் பையில். ரப்பருக்கு வயதாகும். அதனால் 5 வருடங்களுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற வேண்டுமென்றால், முதலில் இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். கார் 500 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சரி, 50,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சரி, இந்த வேலை தப்பாது.

இன்னொரு வேடிக்கை, இந்த காரின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு 1990-களின் காம்பேக் லேப்டாப் தேவைப்பட்டது. கோடிக்கணக்கில் மதிப்புள்ள காரைச் சரிபார்க்க, காயலான் கடைக்குப் போகும் வயதுள்ள லேப்டாப்பைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டியிருந்தது.

12 நிமிடத்தில் டேங்க் காலி

2005-ல் புகாட்டி வேரான் வந்தது. தயாரித்த இடம், பிரான்ஸின் மோல்ஷெய்ம். புகாட்டியை வாங்கியிருந்த ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் தலைவர் ஃபெர்டினான்ட் பீயெக், '1,000 குதிரைத்திறன், மணிக்கு 400 கிலோமீட்டர் வேகம்' என்று இலக்கு வைத்தார். அதை அடைய 16 சிலிண்டர், 8 லிட்டர் இன்ஜின், 4 டர்போ, சூட்டைத் தணிக்க 10 ரேடியேட்டர்கள் தேவைப்பட்டன. நம் வீட்டு காரில் இன்ஜினைக் குளிர்விக்க இருப்பது ஒரே ஒரு ரேடியேட்டர்.

உச்ச வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் 100 லிட்டர் டேங்க் 12 நிமிடங்களில் காலியாகிவிடும். டயர்கள் தாங்குவது சுமார் 15 நிமிடங்கள். ஒருவகையில், பெட்ரோல் முதலில் தீர்ந்துபோவதுதான் பாதுகாப்பு!

அந்த வேகத்துக்கென்றே மிஷெலின் நிறுவனம் தனியாக டயர் செய்து கொடுத்தது. ஒரு செட் டயரின் விலை சுமார் 40,000 டாலர் என்றும், வருடாந்தர சர்வீஸுக்கு 20,000 டாலர் வரை ஆகிறது என்றும் மோட்டார் பத்திரிகைகள் எழுதின. இன்றைய மதிப்பில் ஒரு சர்வீஸ் பில்லில் நம்மூரில் ஒரு நல்ல எஸ்.யூ.வி-யே வாங்கிவிடலாம். கார் மணிக்கு 400 கிலோமீட்டரில் பறந்தாலும், சிக்னலில் நின்றாலும், அந்த 400 கிலோமீட்டருக்காகச் செய்யப்பட்ட பாகங்களுக்குத்தான் உரிமையாளர் பணம் கட்டுகிறார்.

பாதி விலை ஃபெராரி

புகாட்டி வாங்குபவர்களுக்கு இந்த பில் பெரிய விஷயமாக இருக்காது. உண்மையில் மாட்டிக்கொள்பவர்கள், பழைய சூப்பர் காரை 'சல்லிசாக' வாங்கும் நடுத்தரப் பணக்காரர்கள்தான்.

1994 முதல் 1999 வரை விற்பனையான ஃபெராரி எஃப்355 இதற்கு நல்ல உதாரணம். வெளிநாடுகளில் ஒருகட்டத்தில் இதன் செகண்ட் ஹேண்ட் விலை, புது காரின் விலையில் பாதிக்கும் கீழே போனது. இதன் இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட். ரப்பர் பெல்ட் என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஆனால், பெல்ட்டுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே கைவிட இடமில்லை. மறுபடியும் இன்ஜினை இறக்க வேண்டும். பெல்ட்டின் விலை சொற்பம். அதை மாற்றும் கூலிதான் லட்சங்களில்.

'இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டால்? பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி, இன்ஜினே வீணாகிவிடும். முந்தைய ஓனர் எதற்காக அவ்வளவு மலிவாகக் கொடுத்தார் என்பது அப்போதுதான் புரியும்.

பின்னால் வந்த எஃப்430 மாடலில் ஃபெராரி பெல்ட்டை எடுத்துவிட்டு செயினைக் கொண்டுவந்தது. இப்போது புது கார்களுக்கு 7 வருட வழக்கமான சர்வீஸையும் விலையோடு சேர்த்தே கொடுக்கிறது. ஆனால் டயர், பிரேக் போன்ற தேய்மானச் செலவுகள் ஓனரின் தலையில்தான்.

நம்மூருக்கு வந்தால்?

2025 கடைசி நிலவரப்படி, 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள புது காரை முழுதாக இறக்குமதி செய்தால் சுங்கமும் செஸ்ஸும் சேர்த்து 110 சதவிகிதம். 100 ரூபாய் கார், துறைமுகத்திலேயே 210 ரூபாய். அதன்மேல் 40 சதவிகித ஜி.எஸ்.டி சேர்ந்தால் 294. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் சாலை வரி 20 சதவிகிதம். அதையும் கட்டினால் 330-ஐத் தாண்டிவிடும். டீலரின் லாபமும் இன்ஷூரன்ஸும் தனி. இறக்குமதியாகும் உதிரிபாகங்களுக்கும் வரி உண்டு. அதனால் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் முன் பம்பர் உரசினாலே பதறத்தான் வேண்டும்.

'ஃபெராரி நமக்கு எதற்கு?' என்று கடந்துபோக வேண்டாம். 10 வருடப் பழைய ஜெர்மன் சொகுசு கார், இன்று புது ஹேட்ச்பேக் விலைக்குக் கிடைக்கிறது. கணக்கு அதேதான். காரின் விலைதான் குறைந்திருக்கிறது, அதன் உதிரிபாகங்களின் விலை அல்ல. 50 லட்ச ரூபாய் காரின் சஸ்பென்ஷனும் கியர்பாக்ஸும், அது 8 லட்சத்துக்குக் கைமாறினாலும் 50 லட்ச ரூபாய் காரின் பாகங்கள்தான்.

எனவே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று வேலைகள். சர்வீஸ் ரெக்கார்டை முழுதாகக் கேட்டு வாங்குவது. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் காரைக் காட்டுவது. அடுத்த இரண்டு வருடங்களில் எதையெல்லாம் மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குவது. அந்தத் தொகையைக் காரின் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகும் கட்டுப்படியானால், தாராளமாக வாங்கலாம்.