நல்லா கோடு எழுதினா போதாதா... லிங்க்டுஇன்லயும் கலக்கணுமா?

ஞாயிற்றுக்கிழமை இரவு. 'நாளைக்கு ஆபீஸ்' என்ற கடுப்போடு மொபைலை எடுத்து லிங்க்டுஇன்னைத் திறக்கிறீர்கள். காலேஜில் உங்கள் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவர், 'என் தோல்விகள் கற்றுத்தந்த 7 பாடங்கள்' என்று போஸ்ட் போட்டு லைக்ஸை அள்ளிக்கொண்டிருக்கிறார். உங்கள் ப்ரொஃபைலில் இருப்பதோ, நாலு வருஷத்துக்கு முந்தைய போட்டோவும் கம்பெனி பெயரும்தான். 'நாமளும் ஏதாவது போடணுமோ? இல்லைன்னா பின்தங்கிடுவோமோ?' என்று லேசாக வயிற்றைப் பிசையும்.

சுருக்கமான பதில் இதுதான். ஒரு டெவலப்பர் பிரபலமாக வேண்டிய அவசியம் இல்லை. ஆனால், யாராவது உங்களைத் தேடினால், 'இவருக்கு இந்த வேலை தெரியும்' என்று காட்ட ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் வேறு வேறு. அது புரிந்தாலே பாதி டென்ஷன் போய்விடும்.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு என்ன மிஞ்சும்?

ஒரு தச்சர் செய்த கதவு, தெருவில் போகிறவர் கண்ணில் படும். ஒரு டெய்லர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நாலு பேர் நடப்பார்கள். சாஃப்ட்வேர் டெவலப்பரின் உழைப்பு மட்டும் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாது. ஐந்து வருஷம் ஏதோ ஒரு வெளிநாட்டு வங்கியின் பேமென்ட் சிஸ்டத்தைக் கட்டிக் காத்திருப்பீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து புரொடக்‌ஷன் இஷ்யூவைச் சரிசெய்திருப்பீர்கள். எல்லாமே கிளையன்ட்டின் வி.பி.என்-க்குள் நடந்தவை.

பேப்பர் போட்டு, கடைசி நாளில் ஐடி கார்டையும் லேப்டாப்பையும் ஒப்படைத்ததும் அந்தக் கதவு மூடிவிடும். கையில் மிஞ்சுவது ஓர் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். அதில் தேதியும் பதவியும்தான் இருக்கும். நீங்கள் பட்ட பாடு இருக்காது. அதே பதவி, அதே டெக்னாலஜி பெயர்களோடு நூற்றுக்கணக்கான ரெஸ்யூம்கள் ஹெச்.ஆர் மெயிலில் குவிந்து கிடக்கும்.

நாமாகவே பேப்பர் போட்டால்கூடப் பரவாயில்லை. திடீரென ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டு 'இன்றுதான் கடைசி நாள்' என்று சொல்லும் காலம் இது. அதற்குப் பிறகு உட்கார்ந்து, செய்த வேலைக்கெல்லாம் சாட்சி தேடுவது, தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுகிற கதைதான். வெளியில் நாலு பேர் பார்க்கும்படி கொஞ்சம் வேலையை வைத்திருப்பதற்கு உண்மையான காரணம் இதுதான். லைக்ஸ் எல்லாம் அப்புறம்.

ஃபாலோயர்ஸ் இருந்தா வேலை கிடைச்சிடுமா?

அதுவும் கிடையாது. மேக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் டெவலப்பர்களுக்கு 'ஹோம்ப்ரூ' தெரியாமல் இருக்காது. அதை உருவாக்கியவர் மேக்ஸ் ஹோவெல். 2015-ல் கூகுள் இன்டர்வியூவில் அவர் தேர்வாகவில்லை. 'உங்கள் இன்ஜினீயர்களில் பெரும்பாலானவர்கள் நான் எழுதியதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால், போர்டில் ஒரு பைனரி ட்ரீயைத் திருப்பிப்போடத் தெரியாததால் என்னை வேண்டாம் என்கிறீர்கள்' என்ற அர்த்தத்தில் ட்விட்டரில் புலம்பினார். அது பெரிய விவாதமானது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆன்லைன் பெயர் வாசல்வரைக்கும் கூட்டிப்போகும். உள்ளே போய்ப் பரீட்சை எழுதுவது நீங்கள்தான். பெரிய நிறுவனங்களில் கோடிங் ரவுண்டைத் தாண்டாமல் எதுவும் நடக்காது. சின்ன ஸ்டார்ட்அப், ஃப்ரீலான்ஸ், வெளிநாட்டு ரிமோட் வேலை போன்ற இடங்களில்தான் 'இதுவரை என்ன செஞ்சிருக்கீங்க, காட்டுங்க' என்ற கேள்வி முதலில் வரும்.

மாணவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கூகுள் 2005 முதல் நடத்தும் 'சம்மர் ஆஃப் கோடு' திட்டத்தில், ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்களில் வேலை செய்ய உதவித்தொகை தருகிறார்கள். அங்கே எத்தனை ஃபாலோயர்ஸ் என்று யாரும் கேட்பதில்லை. என்ன செய்யப்போகிறீர்கள் என்ற திட்ட வரைவும், அந்த புராஜெக்ட்டில் ஏற்கெனவே செய்த பங்களிப்பும்தான் பேசும்.

டி-ஷர்ட்டுக்காக வந்த வெள்ளம்

'சரி, கிட்ஹப்பைப் பச்சைக் கட்டங்களால் நிரப்பிடலாம்' என்று இறங்குபவர்கள் உண்டு. தினமும் ஒரு கமா, ஒரு ஸ்பேஸ் மாற்றி கமிட் போட்டாலும் கட்டம் பச்சையாகும். இதற்கு முன்பு, விடாமல் எத்தனை நாள் கமிட் செய்தீர்கள் என்ற கணக்கையும் கிட்ஹப் காட்டிக்கொண்டிருந்தது. 2016-ல் அதை எடுத்துவிட்டது.

2020 அக்டோபரில் நடந்ததை ஓப்பன் சோர்ஸ்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' என்ற நிகழ்வில், ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்களுக்கு நாலு திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் இலவசம் என்று டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் அறிவித்திருந்தது. அவ்வளவுதான்! ரீட்மீ ஃபைலில் 'சூப்பர் புராஜெக்ட்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துத் திருத்தம் என்று அனுப்பியவர்கள் ஏராளம். சம்பளமே வாங்காமல் புராஜெக்ட்டைப் பராமரிப்பவர்கள் அந்தக் குப்பையை அள்ளியே களைத்துப்போனார்கள். சில நாள்களிலேயே, விருப்பம் தெரிவித்த புராஜெக்ட்கள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று விதியை மாற்றினார்கள்.

அப்படி அனுப்பிய திருத்தங்கள் அனுப்பியவர் பெயரிலேயே இருக்கும். இன்டர்வியூ எடுப்பவர் க்ளிக் செய்து பார்த்தால் என்ன நினைப்பார்? வெறுமையான ப்ரொஃபைலைவிட, போலியான ப்ரொஃபைல் மோசம். ஏ.ஐ எழுதிக்கொடுத்ததை அப்படியே ஒட்டும் போஸ்ட்டுகளுக்கும் இதே கதிதான். 'இதை ஏன் இப்படிச் செஞ்சீங்க?' என்ற ஒரே கேள்வியில் சாயம் வெளுத்துவிடும்.

ஆர்வக்கோளாறில் வேலைக்கே உலை!

டொயோட்டா நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். அதன் 'டி-கனெக்ட்' சேவையின் சோர்ஸ் கோடில் ஒரு பகுதியை, துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று 2017 டிசம்பரில் தவறுதலாக கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டது. டேட்டா சர்வரைத் திறக்கும் கீயும் அதற்குள்ளேயே இருந்தது. கண்டுபிடித்தது 2022 செப்டம்பரில். சுமார் 2.96 லட்சம் வாடிக்கையாளர்களின் இமெயில் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது.

ஆகவே, சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள்.

* ஆபீஸ் கோடு, கிளையன்ட் ஸ்க்ரீன்ஷாட், உள் விவரங்கள் எதையும் வெளியில் போடாதீர்கள். ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த புராஜெக்ட்டும் வேண்டாம்.
* வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நீங்கள் வெளியில் எழுதும் கோடு யாருக்குச் சொந்தம் என்று அதில் ஒரு பிரிவு இருக்கலாம். சந்தேகம் இருந்தால் மேனேஜரிடம் மெயிலில் கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள்.
* பாஸ்வேர்டு, ஏ.பி.ஐ கீயைத் தவறிப் போட்டுவிட்டால், அந்த வரியை அழித்தால் மட்டும் போதாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதலில் அந்த கீயை ரத்து செய்துவிட்டுப் புதியது எடுங்கள்.
* சொந்த இமெயில் கமிட்டில் தெரியாமல் மறைக்க, கிட்ஹப் செட்டிங்ஸிலேயே வசதி இருக்கிறது. சொந்தப் பெயர், போட்டோ போட விருப்பம் இல்லையா? குறிப்பாகப் பெண்களுக்கு, இன்பாக்ஸில் வரும் தொல்லைகள் தெரிந்ததுதான். புனைபெயரில் இருங்கள். வேலை பேசினால் போதும். தேவைப்படும் இடத்தில் மட்டும் 'அது நான்தான்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்போ, எங்கே ஆரம்பிக்கிறது?

மாணவர் என்றால், யூடியூப் பார்த்துச் செய்த பத்து புராஜெக்ட்டைவிட, உருப்படியான ஒன்று போதும். அப்பாவின் மளிகைக் கடைக்கு ஒரு கடன் கணக்கு ஆப் செய்து, அது உண்மையிலேயே தினமும் ஓடினால் அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். என்ன பிரச்னை, எப்படித் தீர்த்தேன் என்று ரீட்மீயில் ஒரு பக்கம் எழுதுங்கள்.

சர்வீஸ் கம்பெனியில் சில வருஷம் ஆனவர் என்றால், கோடைக் காட்ட முடியாது. ஆனால் கற்றுக்கொண்டதைக் காட்டலாம். இரண்டு நாள் தூங்கவிடாமல் படுத்திய எரர் ஏதாவது இருக்கும். கிளையன்ட் விவரங்கள் இல்லாமல், அது ஏன் வந்தது, எதையெல்லாம் முயன்றேன், எது கைகொடுத்தது என்று எழுதுங்கள். தமிழிலும் எழுதலாம், 2012 முதல் வரும் 'கணியம்' அப்படிப்பட்டவர்களின் கட்டுரைகளால்தான் வளர்ந்தது. மாதம் ஒன்று எழுதினால்கூட வருஷத்துக்குப் பன்னிரண்டு.

எழுத வராது என்றால், பேசலாம். சென்னையில் பைத்தான் டெவலப்பர்களுக்கு 'சென்னைபை' இருக்கிறது. காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. முதல் சில தடவை சும்மா போய் உட்காருங்கள். பிறகு பத்து நிமிஷம் பேசுங்கள். கேமரா முன்னால் நிற்பதைவிட இது பலருக்குச் சுலபம், அறிமுகங்களும் உண்மையானவை.

ஃப்ரீலான்ஸராக இருக்கிறவர்களுக்கு மட்டும் இது விருப்பப்பாடம் இல்லை. கடை போட்டவர் போர்டு மாட்டித்தான் ஆக வேண்டும்.

இதில் எதுவுமே வேண்டாம், வேலை முடிந்தால் குடும்பம், கிரிக்கெட், தூக்கம் போதும் என்கிறீர்களா? அதுவும் தப்பில்லை. ஆன்லைனில் ஒரு வரிகூட எழுதாத அருமையான டெவலப்பர்கள் எல்லா டீமிலும் இருக்கிறார்கள். கூட வேலை பார்த்தவர்கள் கொடுக்கும் ரெஃபரல்தான் அவர்களின் பலம். அப்படியென்றால், அந்த நட்புகளையாவது விட்டுவிடாதீர்கள். பழைய டீம் லீடுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, வேலை கேட்காமல், 'எப்படி இருக்கீங்க?' என்று ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள்.

அந்த ஏழு பாடம் போஸ்ட்டுக்கு ஒரு லைக் போட்டுவிட்டு நகருங்கள். போன வாரம் நீங்கள் சரிசெய்த அந்த எரர் ஞாபகம் இருக்கும்போதே, நோட்ஸ் ஆப்பில் நாலு வரி எழுதி வையுங்கள்.