வீட்டில் நின்று படித்தல்

விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். தொல்காப்பியர் செய்யுளின் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தைக் கூறுமிடத்துப் புதிதாக யாக்கப்படுவதனையே கருதினார். பின்னர் அச்சொல் புதிதாக வந்த மனிதரைக் குறிப்பதாயிற்று. வள்ளுவரும் இல்வாழ்வான் ஓம்பவேண்டியோரை எண்ணும்போது விருந்தினரையும் சுற்றத்தாரையும் வேறுவேறாகவே வைத்தார். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்னும் பழமொழியும் இக்கருத்தினதே. மூன்று நாளில் புதுமை தீர்ந்துவிடும்.

நிற்க. மூன்று நாளன்றி மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு, பிறர் வீட்டில் உண்டு உறங்கிக் கல்வி கற்ற பிள்ளையை என்னென்பது? விருந்து, சுற்றம் என்னும் இரண்டினுள்ளும் அவன் செவ்வையாக அடங்கான். யாழ்ப்பாணத்தார் அவனுக்குப் பெயரொன்றும் இடாது வினையொன்றை மட்டும் வழங்கினர். அவன் இன்னார் வீட்டில் 'நின்று படிக்கிறான்' என்றனர். இங்கு நிற்றலாவது தங்குதல். எனினும் இருத்தல் என்னாது நிற்றல் என்றதில் ஒரு நுட்பம் உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது.

யாழ்ப்பாண நகரைக் கல்லூரி நகர் என்பது மிகையன்று. 1816இல் மெதடிஸ்த மிசனார் தொடங்கிய பாடசாலை மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சைவ பரிபாலன சபையாரின் முயற்சியால் 1890இல் இந்துக் கல்லூரி அவ்வண்ணார்பண்ணையிலேயே நிலைபெற்றது. 1921இல் இராமநாதன் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியைத் தொடங்கினார். 1974இல் பல்கலைக்கழக வளாகம் அமைந்ததும் அவ்விடத்திலேதான். இவற்றை நாடித் தீவுப்பகுதியிலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் வன்னியிலிருந்தும் பிள்ளைகள் வந்தனர். நெடுந்தீவுப் பிள்ளை இன்றும் படகேறித்தான் வரவேண்டும். விடுதிகள் இருந்தன, ஆனால் விடுதிக்குப் பணம் வேண்டும். 1945இல் இலவசக் கல்வி வந்தது. சோறு இலவசமாக வரவில்லை. அச்சோற்றை அளித்தவை நகரின் அடுக்களைகளே. கல்லூரி வரலாறுகளில் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தோர் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. அடுக்களைக்குக் கல்வெட்டு இல்லை.

நம்மவர் வீட்டமைப்பே வருவோரை எதிர்பார்த்து வகுக்கப்பட்டது. தெருவோரத்தில் கூரையிட்ட சங்கடப்படலை, வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குதற்கு. அருகே ஒரு தண்ணீர்ப் பானை. உள்ளே திண்ணை. பிள்ளைகள் நின்று படித்தது பெரும்பாலும் இத்திண்ணையிலேதான். பகலில் வீட்டுக்காரரின் பத்திரிகை வாசிப்பும் ஊர்ப்பேச்சும் அங்கே நிகழும். இரவில் அதுவே படிப்பறையும் படுக்கையறையுமாகும். 1930 முதல் 1958 வரை வெளிவந்த ஈழகேசரியையும், 1959இல் தொடங்கிய ஈழநாட்டையும் உரத்து வாசிக்கும் கடமை பல வீடுகளில் நின்று படிக்கும் பிள்ளைக்கே உரியதாயிருந்தது. தமிழுரைநடையை அப்பிள்ளைகள் பாடநூலிற் கற்றதைவிடத் திண்ணையிற் கற்றதே அதிகமென்பது என் துணிபு.

பொழுதுபோக்கிலும் அவனுக்குப் பங்குண்டு. தைப்பொங்கலையொட்டி வாடைக்காற்று வீசுங்காலத்தில் விண் பூட்டிய பட்டம் கட்டுவது, விடுமுறை நாட்களில் முந்நூற்று நான்கு எனப்படும் சீட்டாட்டத்திற்கு நான்காவது ஆளாய் அமர்வது முதலியன அவை. (இவ்வாட்டத்தில் ஒவ்வோர் இனச் சீட்டுக்கும் 76 புள்ளி; நான்கினமும் சேர 304. மனக்கணக்கிற் பின்தங்கும் மாணவர்க்கு இதனைச் சிபாரிசு செய்யலாமோ என ஒருமுறை ஆசிரியர் கூட்டத்திற் கூறி நகைப்புக்காளானேன்.)

வாடகை என்று எதுவும் இல்லை. தகப்பனார் மாதமொருமுறை வரும்போது ஒரு மூடை நெல்லோ, ஒடியலோ, பனங்கட்டிக் குட்டான்களோ கொண்டு வருவார். பிள்ளை கிணற்றில் தண்ணீர் அள்ளுவான், சந்தைக்குப் போவான், வீட்டுச் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பான். கணக்குப் பார்க்கப்படவில்லை என்று நாம் பெருமையாகச் சொல்லுகிறோம். அது முழு உண்மையன்று. கணக்கை அடுக்களையில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். நம் சமையலே ஆட்தொகை கூடினாற் பெருகக்கூடியதாய் அமைந்ததை எண்ணிப் பாருங்கள். நீற்றுப்பெட்டியில் இன்னொருமுறை பிட்டு அவிக்கலாம்; சொதியிலே சிறிது தண்ணீர் சேர்க்கலாம்; கூழ் எத்தனை பிலாவிலைக்கும் ஈடுகொடுக்கும். ஒரு சுண்டு அரிசியோடு கூட ஒரு பிடி. அந்த ஒரு பிடியை ஆண்டுக்கணக்கிற் கூட்டியவள் கடைசியாக உண்டாள்.

இன்னொன்றையும் மறைத்தலாகாது. அத்திண்ணை எல்லார்க்கும் உரியதாய் இருக்கவில்லை. சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குச் சங்கடப்படலைக்கு அப்பால் இடமிருந்ததில்லை. தண்ணீரும் சிரட்டையில் வார்க்கப்பட்டது. 1957இல் இயற்றப்பட்ட சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் தேநீர்க்கடைக்கும் பாடசாலைக்கும் பொருந்திற்று. வீட்டுத் திண்ணையைச் சட்டம் எட்டவில்லை. விருந்தோம்பல் ஒருவகைப் புலமைப்பரிசில் எனின், அப்பரிசில் யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையுஞ் சேர்த்தே அதனை எழுதவேண்டும். எத்தனை பிள்ளைகள் படிப்பை இடையில் விட்டதற்குத் திறமைக்குறைவன்றி இத்திண்ணைக்குறைவே காரணமாயிற்றோ!

இக்காலத்தில் பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த திருநெல்வேலி, கொக்குவில் வீடுகளில் அறைகள் வாடகைக்கு விடப்படுகின்றன. தென்னிலங்கையிலிருந்து வரும் சிங்கள மாணவரும் அவற்றில் தங்குகின்றனர். பண்பாடு கெட்டதென்று முதியோர் சிலர் வருந்துவர். எனக்கு அவ்வருத்தம் இல்லை. வாடகை கொடுப்பவன் சாதி கூறாமலும் நன்றி கூறாமலும் கதவைத் திறந்து உள்ளே போகலாம்.

இவ்வாறு நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. நானும் நின்று படித்தவனே. 1990ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வண்ணார்பண்ணையில் மாமா வீட்டில் ஐந்தாண்டுகள் நின்றேன். அக்காலத்தில் மின்சாரமில்லை; மண்ணெண்ணெய் பொன்னிலும் அரிது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சிறிதளவு எண்ணெய் விட்டு எரிக்கும் விளக்கொன்றைச் சுற்றி மச்சான்மார் இருவரும் நானும் இருப்போம். மாமி பொழுது படுமுன் இராச்சமையலை முடித்துவிடுவா. பிந்தினால் புகை கண்ணுக்கு ஆகாது என்பா. விளக்கு அடுக்களைக்குப் போகாமல் எங்கள் புத்தகத்தண்டை நிற்கவேண்டுமென்பதே உண்மையான காரணம் என்பது வெகுகாலத்தின் பின்னரே எனக்கு விளங்கிற்று. அவ்வீட்டில் ஒருவரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆயினும் இரண்டாம் முறை சோறு கேட்க என் நா எழுந்ததில்லை. வீட்டார் யாவரும் குளித்த பின்னரே நான் கிணற்றடிக்குப் போவேன். போகச் சொன்னவர் எவருமில்லை.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு நகரம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. சில இலட்சம் பேருக்கு அங்குள்ள வீடுகளும் பாடசாலைகளும் கோயில்களும் இடங்கொடுத்தன. முன்பின் அறியாதார்க்குப் படலைகள் திறந்தன. உண்மையான பொருளில் விருந்து என்றால் அதுவே. மீசாலையில் ஒரு வீட்டு விறாந்தையில் எங்களுக்கும் இடங்கிடைத்தது. வீட்டுக்காரர் மிக நல்லவர்கள்.

மூன்றாம் வாரமளவில் ஒருநாட் காலை, மாமி வெறுங்குடத்தோடு கிணற்றடிக்குச் சற்றுத் தூரத்தில் ஒதுங்கி நிற்பதைக் கண்டேன். வீட்டுக்கார அம்மா துணி தோய்த்து முடிக்கும்வரை காத்துநின்றா. என்னைக் கண்டதும் குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மெல்லக் கேட்டா: "எப்பிடியடா தம்பி, அஞ்சு வருஷம் எங்கட வீட்டிலை நிண்டனீ?"