ஐந்து அரவைக் கற்களின் கணக்கு

1331ஆம் ஆண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தென்கிழக்கே இருக்கும் கக்ஸம் என்ற சிற்றூரிலிருந்து ராபர்ட் ஓல்ட்மன் லண்டனுக்குக் கிளம்புகிறார். ஊர் ஆலைக்கு அரவைக் கல் வாங்க வேண்டும். வெளிநாட்டுக் கல்தான் நின்று உழைக்கும், அது லண்டனில் கிடைக்கும். பேசி முடித்து ஐந்து கற்கள் வாங்குகிறார். ஒரு கல் 3 பவுண்டு 3 ஷில்லிங் 4 பென்ஸ். ஐந்துக்கும் சேர்த்து 15 பவுண்டு 16 ஷில்லிங் 8 பென்ஸ். பேரம் படிந்த கையோடு ஐந்து காலன் ஒயின் வாங்கப்படுகிறது. கற்கள் படகேறி, தேம்ஸ் நதி வழியே ஹென்லி துறைக்கு வந்து சேர்கின்றன. அந்த ஒயின் உட்பட எல்லாச் செலவும் கணக்கில் ஏறுகிறது.

போர் தொடுத்த மன்னர்களைப் பற்றிக்கூட இத்தனை நுணுக்கமான விவரம் கிடைப்பது அபூர்வம். ஓல்ட்மன் மன்னர் அல்ல, பிரபுவும் அல்ல. நிலத்தோடு கட்டுண்ட பண்ணையடிமைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய லண்டன் பயணம் நமக்குத் தெரிய வந்ததற்கு ஒரே காரணம், கக்ஸம் ஊர் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிக்குச் சொந்தமாக இருந்ததுதான்.

இங்கிலாந்தின் சான்சலர் பதவியில் இருந்த வால்ட்டர் டி மெர்ட்டன் 1264இல் இந்தக் கல்லூரியை நிறுவினார். தொடக்கத்தில் சர்ரேயில் உள்ள மால்டன் பண்ணையின் வருமானத்திலிருந்து இருபது மாணவர்களுக்குப் படிப்புச் செலவு கொடுப்பதுதான் ஏற்பாடு. பணமாகக் கொடுத்தால் கரைந்துவிடும், நிலமாக எழுதி வைத்தால் தலைமுறை தலைமுறையாகச் சோறு போடும் என்று அவர் கணித்தார். 1274இல் அவர் இறுதி வடிவம் தந்த சட்டதிட்டங்கள் பாடத்தை மட்டும் பேசவில்லை. அறுவடை முடிந்ததும் கல்லூரித் தலைவர் ஊர் ஊராகப் போய்ப் பண்ணைகளைப் பார்வையிட வேண்டும் என்றும் விதித்தன. வடகோடியில் நார்தம்பர்லாந்தின் பான்ட்லண்ட் வரை நிலம் சேர்ந்தது. போட்டிப் பல்கலைக்கழக நகரமான கேம்பிரிட்ஜிலும் ஒரு பழைய கல்வீடு கல்லூரியின் கைக்கு வந்தது.

நிலம் சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். விற்றவர்களில் பலர் வட்டிக் கடனில் மூழ்கிய நிலவுடைமையாளர்கள். லெஸ்டர்ஷயரின் கிப்வொர்த் ஹார்கோர்ட் ஊரின் உரிமையாளர் சேயர் டி ஹார்கோர்ட், சைமன் டி மான்ட்ஃபோர்ட் பக்கம் நின்று மன்னருக்கு எதிராகப் போரிட்டவர். 1265இல் ஈவ்ஷம் போரில் அந்த அணி தோற்றது. கையொடிந்து நின்ற அவரிடமிருந்து வால்ட்டர் ஊரை வாங்கினார். படிப்புக்காகச் செய்த அறம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அறத்துக்கு அடுத்தவரின் இக்கட்டும் மூலதனமாக இருந்தது.

பண்ணைப் பொறுப்பாளரை ரீவ் என்பார்கள். ஏறக்குறைய நம்மூர் மணியக்காரரைப் போன்றவர். கணக்காண்டு செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் திருநாளில் முடியும். ரீவ் சொல்லச் சொல்ல, கூலிக்கு அமர்த்திய எழுத்தர் லத்தீனில் தோல் சுருளில் எழுதுவார். முன்பக்கம் காசுக் கணக்கு: பழைய பாக்கி, வரவு, செலவு. பின்பக்கம் களஞ்சியமும் தொழுவமும்: கோதுமை எவ்வளவு விளைந்தது, விதைக்கு எவ்வளவு போனது, குட்டி எத்தனை, செத்தது எத்தனை, வாத்து எத்தனை, முட்டை எத்தனை. பிறகு கல்லூரித் தணிக்கையாளர்கள் உட்காருவார்கள். அதிகம் என்று பட்ட செலவை அடித்துவிட்டுக் குறைத்து எழுதுவார்கள். வித்தியாசம் ரீவ் தலையில் விழும். அடித்த கோடுகளும் திருத்திய தொகைகளும் அந்தச் சுருள்களில் அப்படியே இருக்கின்றன. இந்தக் கெடுபிடிக்கு நடுவே ஓல்ட்மன் 1311 முதல் 1349 வரை 38 ஆண்டுகள் ரீவாக இருந்தார்.

1349இல் கொள்ளைநோய் கக்ஸமுக்கு வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் உயிரோடிருந்த பன்னிரண்டு பண்ணையடிமைக் குடியானவர்களில் ஒருவர்கூட ஆண்டு முடிவில் இல்லை. ஓல்ட்மனும் போய்விட்டார். கணக்கில் ஒப்பாரி கிடையாது. தரிசாகக் கிடக்கும் நிலமும், வராத வாடகையும், ஏறிப்போன கூலியும் மட்டும்தான். நெஞ்சை அடைக்க அதுவே போதும். உழ ஆளில்லாத ஊரில் பழைய முறைப்படி நேரடிப் பண்ணையம் நடத்த முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கல்லூரி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டது.

ஊரின் ஒரு தலைமுறை அழிந்தும் ஏடு அழியவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாப் குவாட் முற்றத்தை ஒட்டி மெர்ட்டன் ஒரு பத்திரக் காப்பறை கட்டியது. தீப்பிடிக்காதபடி கூரையும் கல்லாலேயே, செங்குத்தான சரிவோடு எழுப்பப்பட்டது. குடும்பங்கள் வாரிசின்றிப் போகும், சொத்து கைமாறும், பழைய தாள்கள் அடுப்புக்குப் போகும். கல்லூரிக்குச் சாவில்லை. வழக்கு என்று வந்தால் காட்ட வேண்டுமே என்று எல்லாவற்றையும் பூட்டி வைத்தது.

பொருளியல் பேராசிரியர் தோரல்ட் ராஜர்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சுருள்களைப் பிரித்தார். இவற்றையும் பிற கல்லூரிகளின் கணக்குகளையும் கொண்டு இங்கிலாந்தின் வேளாண்மை, விலைவாசி வரலாற்றை எழுதினார். முதல் தொகுதிகள் 1866இல் வந்தன. தச்சனின் நாள்கூலிக்கு எவ்வளவு கோதுமை வாங்கலாம் என்று கேட்டு, உழைப்பவனின் பக்கத்திலிருந்து வரலாற்றைப் பார்த்தார். 1965இல் பி. டி. ஏ. ஹார்வி கக்ஸம் ஒன்றைப் பற்றியே முழு நூல் எழுதினார். தணிக்கைக்காகச் சேர்த்த எண்களிலிருந்து ஓர் ஊரே எழுந்து வந்தது.

இப்படிப்பட்ட கல்லூரிகள் சேர்த்து வைக்கும் இன்னொரு வகை ஏடு மாணவர் சங்கங்களுடையது: கூட்டக் குறிப்பேடுகள், உறுப்பினர் பட்டியல்கள், அபராதக் கணக்குகள். மெர்ட்டனில் பாட்லி கிளப் போன்ற சங்கங்கள் இருந்தன. 1914இல் அங்கே படிக்க வந்த அமெரிக்க இளைஞர் டி. எஸ். எலியட், ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கமயமாவதை எதிர்த்துக் கொண்டுவரப்பட்ட தீர்மானத்தின் மீது மாணவர் விவாதத்தில் பேசியதைக் கடிதத்தில் உற்சாகமாக விவரித்திருக்கிறார். சங்க ஏடுகள் சுவையானவை. பிற்காலப் பிரபலங்களின் இளமைக் குறும்பு கிடைக்கும் என்பதால் தேடி வருபவர்களும் உண்டு. ஆனால் அவை தங்களைத் தாங்களே எழுதிக்கொள்ளத் தெரிந்தவர்களின் ஏடுகள். கக்ஸம்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. காப்பகத்தில் எதை முதலில் காப்பாற்றுவது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் முட்டைக் கணக்கைத்தான் சொல்வேன்.

எளியவர்களின் வாழ்க்கை இத்தகைய பண்ணை ஏடுகளில்தான் மிஞ்சுகிறது என்பதற்குக் கிப்வொர்த் நல்ல சான்று. அவ்வூரின் பண்ணை நீதிமன்றச் சுருள்கள் 1270களிலிருந்தே மெர்ட்டனில் இருக்கின்றன. யார் நிலம் யாருக்குப் போனது, யார் அபராதம் கட்டினார், கொள்ளைநோயில் எந்தக் குடும்பம் அற்றுப்போனது என்று பெயர் பெயராக அதில் பார்க்கலாம். நோய்க்குப் பின் ஆள் பஞ்சம் வந்ததும் குடியானவர்கள் நிமிர்ந்தார்கள். அடிமை முறையில் நிலம் வைத்திருக்கிறோம் என்று ஏட்டில் எழுதக் கூடாது, வாடகையையும் குறைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்லூரி இரண்டுக்கும் இறங்கி வந்தது. எதிரில் நின்று தோற்ற தரப்பின் ஏட்டிலேயே அந்த வெற்றி பதிவாகியிருக்கிறது. சிசிலி ஹோவெல் 1983இல் இந்த ஊரைப் பற்றிய ஆய்வை நூலாக வெளியிட்டார். 2010இல் வரலாற்றாளர் மைக்கேல் வுட் பிபிசிக்காக இதே ஊரை மையமாக வைத்து இங்கிலாந்தின் கதையைத் தொடராகச் சொன்னபோது, கிப்வொர்த் மக்கள் தங்கள் தோட்டங்களில் தாங்களே சோதனைக் குழி தோண்டி இடைக்காலப் பானையோடுகளை எடுத்தார்கள். தங்கள் தெருவில் வாழ்ந்தவர்களின் பெயர்களை மெர்ட்டன் சுருள்களில் பார்த்தார்கள்.